இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கீழ்ப்படிதல்: ஆர்வம் வற்றியபின் எஞ்சுவது என்ன?

கேட்டவர்: நடுவழியில்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் இரட்சிக்கப்பட்டு 22 ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கீழ்ப்படிதல் என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. வேதத்தில் ஒன்றை வாசித்தால் அன்றைக்கே அதைச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. விசுவாசத்துக்கு வருவதற்கு முன் அலுவலகத்தில் பொய்யான பயணக் கணக்கு காட்டி வாங்கியிருந்த தொகையை, யாரும் கேளாமலே திருப்பிச் செலுத்தினேன். மேலதிகாரி என்னை வினோதமாகப் பார்த்தார். எனக்கோ அன்றிரவு வந்ததைப் போன்ற ஓர் உறக்கம் அதற்குப் பின் வாய்த்ததே இல்லை.

இப்போது நிலைமை வேறு. ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், ஆராதனைக்குத் தவறுவதில்லை, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நெருங்கிய உறவினர் ஒருவரோடு உள்ள பழைய கசப்பை விட்டுவிட்டால், தெரிந்தே செய்கிற மீறல் என்று சொல்லும்படி என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இவையெல்லாம் வருகைப்பதிவேட்டில் கையெழுத்திடுவதைப் போல நடந்துகொண்டிருக்கின்றன. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் கெட்டகுமாரன் உவமையில், வீட்டைவிட்டுப் போகாத மூத்த குமாரன், இத்தனை வருஷமாக உமக்கு ஊழியஞ்செய்தேன், ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறவில்லை என்று தகப்பனிடம் முறையிடுகிற இடத்தை அண்மையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, என் குரலையே கேட்டதுபோல இருந்தது.

உள்ளம் ஈடுபடாமல் செய்கிற கீழ்ப்படிதல் மாய்மாலமா? முயன்று செய்தால் நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது சட்டத்தைக் கைக்கொண்டே தேவனுக்கு ஏற்றவனாகப் பார்க்கும் முயற்சிக்கு, திரும்பிவிட்டேன் என்கிறார்கள். முயலாவிட்டால் பின்வாங்கிவிட்டேன் என்கிறார்கள். எங்கள் சபையின் மூப்பர் ஒருவரோ, போதகர் சொல்வதை எல்லாக் காரியத்திலும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், அவருக்குக் கீழ்ப்படிவதே தேவனுக்குக் கீழ்ப்படிவது, அப்போது ஆதி அன்பு, விசுவாசத்தின் தொடக்கத்தில் இருந்த அந்த அன்பு, திரும்பும் என்று ஆலோசனை சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று விளக்கவும் தெரியவில்லை. ஆயுள் முழுவதும் கீழ்ப்படிதலில் நிலைத்திருப்பது எப்படி என்று, அனுபவத்தாலும் வாசிப்பாலும் அறிந்தவர்கள் பொறுமையோடு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மறுமொழி: பழைய ஏடு

சகோதரருக்கு வாழ்த்துகள். உங்கள் கேள்வியில் மாய்மாலம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாய்மாலக்காரன் தன் வருகைப்பதிவேட்டைப் பிறருக்குக் காட்டிப் பெருமைப்படுவானே தவிர, அதைப் பார்த்துத் தானே கலங்கமாட்டான்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அது பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்' என்று தீர்க்கதரிசியாகிய சாமுவேல் ராஜாவாகிய சவுலிடம் சொன்ன வசனத்தில், கீழ்ப்படிதல் என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஷாமா' என்ற வினை. 'இஸ்ரவேலே, கேள்' என்று உபாகமம் 6:4-இல் வருவதும் அதே வினைதான். எபிரெயத்தில் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் பெரும்பாலும் ஒரே சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் 'கேட்டல்' என்ற சொல்லோடு 'கீழே' என்ற முன்னொட்டைச் சேர்த்து அமைந்ததே. ரோமர் 5:19-இல் ஆதாமின் கீழ்ப்படியாமையைக் குறிக்கிற சொல்லோ, பகுதி பகுதியாகப் பிரித்தால், கேட்க வேண்டியதைக் கேளாமல் விலகிப்போன செவியைத்தான் சுட்டுகிறது. தமிழருக்கு இது வியப்பாக இராது. அடங்காத பிள்ளையை நாம் 'பேச்சைக் கேட்கமாட்டான்' என்றுதானே சொல்கிறோம்? அவனுடைய காதில் குறை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கீழ்ப்படிதலைச் செயல்களின் பட்டியலாக எண்ணுகிறவருக்கு, பட்டியல் முழுவதும் நிறைவேறியபின்னும் ஏன் வெறுமை இருக்கிறது என்பது புரியாது. செயல் நின்றுபோவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே செவி மந்தமாகிவிடுவதுண்டு. ராஜாவாகிய சாலொமோன் கிபியோனில் தேவனிடம் வேண்டிக்கொண்டது, எபிரெய மூலத்தின்படி, 'கேட்கிற இருதயம்'. நம் மொழிபெயர்ப்பில் அது ஞானமுள்ள இருதயம் என்று வருகிறது. அப்படிக் கேட்டுப் பெற்றவனைப் பற்றித்தான், அவன் வயதுசென்றபோது மனைவிகள் அவனுடைய இருதயத்தைச் சாயப்பண்ணினார்கள் என்று 1 இராஜாக்கள் 11:4 கூறுகிறது. இளமையிலல்ல, வயதுசென்றபோது என்பதைக் கவனியுங்கள்.

யூதாவின் ராஜாக்களுடைய வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தோடு வாசித்தால், தொடக்கத்தில் விழுந்தவர்களைவிட இறுதிப்பகுதியில் விழுந்தவர்களே நம்மை அதிகம் அச்சுறுத்துவார்கள். ஆசா 41 ஆண்டுகள் அரசாண்டான். எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடு வந்தபோது, உதவிசெய்கிறது உமக்கு லேசான காரியம் என்று ஜெபித்தவன் அவன். விக்கிரகத்தை உண்டாக்கினதற்காகத் தன் தாயையே ராஜாத்தி என்ற நிலையிலிருந்து விலக்கினவனும் அவனே. அப்படிப்பட்டவன் தன் ஆட்சியின் 36-ஆம் ஆண்டில், முன்பைவிடச் சிறியதொரு நெருக்கடி வந்தபோது, ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பித் துணை தேடினான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் வைத்தான். 39-ஆம் ஆண்டில் கால்களில் வியாதி கண்டபோதும் கர்த்தரைத் தேடவில்லை. அவன் விக்கிரகங்களுக்குத் திரும்பியதாக வேதம் சொல்லவில்லை. தன் நாவால் ஒருமுறை ஜெபித்த அந்த ஜெபத்தை மறுபடி ஜெபிக்க வேண்டிய அவசியத்தை உணரவில்லை, அவ்வளவுதான். அனுபவமே அவனுக்குப் போதுமானதாகிவிட்டது.

யோவாஸின் நிலை வேறு. ஏழு வயதில் ராஜாவாகி, ஆசாரியனாகிய யோய்தாவின் நாளெல்லாம் செம்மையானதைச் செய்தான், ஆலயத்தைப் பழுதுபார்த்தான். யோய்தா 130 வயதில் மரித்தபின், பிரபுக்கள் வந்து பணிந்தார்கள், 'ராஜா அவர்களுக்குச் செவிகொடுத்தான்' என்று 2 நாளாகமம் 24:17 சொல்கிறது. கடைசியில் யோய்தாவின் குமாரனையே ஆலயப்பிராகாரத்தில் கல்லெறிந்து கொல்லக் கட்டளையிட்டான். அவன் வாழ்நாள் முழுவதும் யாரோ ஒருவருக்குச் செவிகொடுத்துக்கொண்டுதான் இருந்தான். தேவனுடைய சத்தத்தைத் தானாகக் கேட்க ஒருநாளும் கற்கவில்லை. போதகரைப் பற்றி உங்கள் மூப்பர் தந்த ஆலோசனையை இந்த அதிகாரத்தோடு வைத்துப் பாருங்கள்.

மறுபக்கத்தில் காலேப் இருக்கிறான். நாற்பது வயதில் கானானை வேவுபார்க்கப் போனவன், எண்பத்தைந்து வயதில் யோசுவாவிடம் வந்து, இராட்சதராகிய ஏனாக்கியர் வாழ்கிற மலைநாட்டை எனக்குத் தாரும் என்கிறான். இடையில் கழிந்த 45 ஆண்டுகளில் பெரும்பகுதியை, தான் செய்யாத குற்றத்துக்காக, பிறருடைய அவிசுவாசத்தின் பயனாக, வனாந்தரத்தில் நடந்தே கழித்தான். கீழ்ப்படிந்தவன் கீழ்ப்படியாதவர்களோடு சேர்ந்து அதே மணலில் நடக்கிறான், அதே மன்னாவைப் பொறுக்குகிறான். அந்த ஆண்டுகளைப் பற்றி வேதம் அவனுக்கென்று ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் 22 ஆண்டுகளில் எத்தனை அந்த வகையைச் சேர்ந்தவையோ, எனக்குத் தெரியாது.

மறுமொழி: கிருபையின் கடனாளி

மேலே எழுதியவரின் வேத விளக்கத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆயினும் ஆசாவையும் யோவாஸையும் மட்டும் வாசித்துவிட்டு நடுவழியில் சகோதரர் உறங்கச் சென்றால் அவருக்குப் பயம் மட்டுமே மிஞ்சும் என்பதால் எழுதுகிறேன். பயத்தினால் வந்த கீழ்ப்படிதல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சீனாய் மலையடிவாரத்தில் இஸ்ரவேலர் காட்டினார்கள். தேவன் பேசிய இடிமுழக்கத்துக்கு அவர்கள் நடுங்கியதற்கும், பொன் கன்றுக்குட்டியை வணங்கியதற்கும் இடையே இருந்த காலம் மிகக் குறைவு.

முயல்வதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி பழையது. ஆதித் திருச்சபையின் இறையியலாளரான அகுஸ்தீன் தம் வாழ்க்கை அறிக்கையின் பத்தாம் புத்தகத்தில், நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பின்பு நீர் விரும்புவதைக் கட்டளையிடும் என்ற பொருளில் ஜெபிக்கிறார். ரோமாபுரியில் இந்த வாக்கியம் வாசிக்கப்பட்டபோது பெலாகியுஸ் என்ற துறவி அதைப் பொறுக்கமாட்டாமல் எதிர்த்தார் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதை அவர் எழுதிய நூல் எதைப் பற்றியது தெரியுமா? முடிவுபரியந்தம் நிலைத்திருக்கிற வரத்தைப் பற்றியது. நிலைத்திருப்பதே ஒரு வரம் என்பதுதான் அவருடைய முதிர்வயதின் வாதம். கட்டளை கொடுக்கப்பட்டிருப்பதாலேயே அதை நிறைவேற்றும் ஆற்றலும் மனிதனிடம் இருந்தாக வேண்டும் என்பது பெலாகியுஸின் வாதம். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுஸின் போதனையைக் கண்டனம் செய்தது. ஏட்டில் கண்டனம் செய்துவிட்டோம். ஆனால் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் நம்மில் பலர் தீர்மானம் எடுக்கிற விதத்தைப் பார்த்தால், அவர் இன்னும் நம் நடுவில்தான் அமர்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஆகவே பிலிப்பியர் 2:12-ஐ 13 இல்லாமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள். பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்ற பவுல், அதே மூச்சில், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் காட்டுகிறார். செய்கையை மட்டுமல்ல, விருப்பத்தையும். உங்களுக்கு இப்போது குறைவாக இருப்பது விருப்பம். அதைக் கேட்டுப் பெறலாம் என்று அந்த வசனமே சொல்கிறது. கிறிஸ்துவுக்குள் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவர் முயல்வதும், ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக ஒருவர் முயல்வதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். முந்தையவர் விழுந்தால் தகப்பனிடம் ஓடுவார். பிந்தையவர் விழுந்தால் ஒளிந்துகொள்வார். வேறுபாடு அங்கேதான் தெரியவரும்.

1563-இல் வெளியான, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலாகிய ஹைடெல்பெர்க் வினாவிடை, பத்துக் கட்டளைகளை மனிதனுடைய துயரத்தைப் பற்றிய முதற்பகுதியில் விளக்காமல், நன்றியறிதலைப் பற்றிய மூன்றாம் பகுதியில் வைத்து விளக்குகிறது. அதன் 114-ஆம் வினா, மனந்திரும்பினவர்கள் இந்தக் கட்டளைகளை முழுமையாகக் கைக்கொள்ள முடியுமா என்று கேட்கிறது. இல்லை, மிகவும் பரிசுத்தமானவர்களுக்கும் இந்த வாழ்வில் இக்கீழ்ப்படிதலின் ஒரு சிறு தொடக்கமே உண்டு, ஆயினும் அவர்கள் சில கட்டளைகளின்படி மட்டுமல்ல, எல்லாக் கட்டளைகளின்படியும் வாழ உறுதியான தீர்மானத்தோடு தொடங்குகிறார்கள் என்பது அதன் விடையின் சாரம். சிறு தொடக்கம் என்ற அந்தச் சொல் என்னைப் பலமுறை தாங்கியிருக்கிறது. நாற்பது ஆண்டு ஊழியம் செய்தவரும் தொடக்கத்தில்தான் இருக்கிறார் என்றால், 22 ஆண்டுகளில் இன்னும் வந்துசேரவில்லையே என்று ஏங்குவது எதற்கு?

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூத்த குமாரனிடமும் தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்கிறார். நம் பிரசங்கங்களில் அவனைத் திட்டித் தீர்த்துவிடுகிறோம். தகப்பன் அவனைத் திட்டவில்லை.

மறுமொழி: மாலை மணி

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். இங்கு எழுதுபவர்களில் பலர் சீர்திருத்தச் சபையினர் என்பதால் சில சொற்கள் வேறுபடலாம், பொறுத்தருள்க.

உணர்வின்றிச் செய்வது மாய்மாலமா என்ற கேள்விக்கு, ஆண்டவர் சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு வேண்டிய கெத்செமனித் தோட்டத்தைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. அங்கே ஆண்டவருக்கு ஆறுதலான உணர்வு எதுவும் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. சாகும் அளவுக்குத் துயரம் இருந்தது. மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு எழுதுகிறார். அதே சொற்களைத் திரும்பச் சொல்வதே உயிரற்ற வேண்டல் என்றால், உலகத்தின் மீட்பு நடந்த இரவின் வேண்டலையும் நாம் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் துன்பங்கள் வழியாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது எபிரேயர் 5:8. மகனே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், நமக்கு அது ஒரே நாளில் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் எல்லா வறட்சியும் ஒரே வகையல்ல. இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளில், உள்ளம் வறண்டுபோவதற்கு மூன்று முதன்மையான காரணங்களைச் சொல்கிறார். நம் அசட்டையும் வெதுவெதுப்பும் முதலாவது. ஆறுதல் என்ற கூலி கிடைக்காதபோதும் நாம் எவ்வளவு தூரம் இறைவனுக்குப் பணிபுரிவோம் என்று நம்மைச் சோதித்தறிவது இரண்டாவது. பக்தி நம் கையிருப்பு அல்ல, கொடை என்பதை நாம் உணர வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. மருத்துவர் காய்ச்சலைக் கண்டவுடன் ஒரே மருந்தைக் கொடுக்காததுபோல, நாமும் எல்லா வறட்சிக்கும் 'ஆதி அன்பை விட்டாய்' என்ற ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடக்கூடாது. முதலாவது காரணமாக இருந்தால் மனமாற்றம் தேவை. மற்ற இரண்டாக இருந்தால் காத்திருத்தலே கீழ்ப்படிதல்.

அவர் தரும் இன்னொரு விதி எனக்கு மிகவும் உதவியது. ஆறுதலற்ற காலத்தில், அதற்கு முன் ஆறுதலான காலத்தில் எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றாதே, அவற்றில் உறுதியாய் நில் என்கிறார். மாற்ற வேண்டியது தீர்மானத்தை அல்ல, நம்மையே: வேண்டலைச் சற்று நீட்டுவது, மனச்சான்றை இன்னும் கவனமாக ஆராய்வது. சில ஆண்டுகளுக்கு முன், எதுவும் சுவைக்காத ஒரு காலத்தில் நான் திருப்பலிக்கு நாள்தோறும் செல்வதை விட்டுவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். இந்த ஒரு விதிக்காகத்தான் விடவில்லை. அந்தக் காலம் ஏறக்குறைய பதினான்கு மாதங்கள் நீடித்தது. அது முடிந்தபோதும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை; ஒரு நாள் திருப்பாடலைச் சொல்லும்போது அதன் பொருள் மறுபடி காதில் விழுந்தது, அவ்வளவே.

ஒவ்வொரு நாளும் உறங்குமுன் நான் செய்வது அவர் கற்பித்த ஐந்து படிகள் கொண்ட ஆய்வு. முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பிறகு பாவத்தை அறிய அருள் வேண்டுதல், பிறகு அந்த நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், பிறகு மன்னிப்பு, கடைசியில் அவருடைய அருளால் திருந்தும் தீர்மானம். நன்றியில் தொடங்குவதன் நுட்பம் நெடுநாள் எனக்குப் புரியவில்லை. தவற்றிலிருந்து தொடங்கினால் நாம் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம்.

பழைய ஏடு ஐயா 'கேட்டல்' பற்றி எழுதியதைப் படித்தபோது, புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறை நினைவுக்கு வந்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அதன் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். அந்த முன்னுரையின் இறுதியில், மீட்பின் வழியின் நுழைவாயில் குறுகலாகத்தான் இருக்கும், அஞ்சி ஓடிவிடாதே, வாழ்க்கையில் முன்னேற முன்னேற இதயம் விரிவடைந்து, இறைவனின் கட்டளைகளின் வழியில் ஓடுவோம் என்கிறார். திருப்பாடல் 119:32-இன் எதிரொலி அது. தொடக்கத்தில் ஓட்டம், பிறகு நடை, பிறகு தள்ளாட்டம் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ ஓட்டத்தைப் பிற்பகுதியில் வைக்கிறார்.

மறுமொழி: மீண்டவள்

போதகருக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை மேலே உள்ளவர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அண்ணா, உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்ற அந்த உணர்வைத் தள்ளிவிடாதீர்கள். நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு சிறு ஐக்கியத்தில் இருந்தேன். எந்த வேலையில் சேர்வது, யாரோடு பேசுவது, பெற்றோரை எப்போது போய்ப் பார்ப்பது என்பது வரை தலைவரைக் கேட்டே முடிவெடுத்தோம். கேள்வி கேட்பவர்களுக்குக் கலகக்கார ஆவி இருப்பதாகச் சொல்லப்பட்டது. நான் மிகவும் கீழ்ப்படிதலுள்ளவள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்த ஆண்டுகளில் தேவனுடைய சித்தம் என்னவென்று நான் அவரிடம் நேரடியாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை வெளியே வந்தபின்தான் உணர்ந்தேன். யோவாஸைப் பற்றி மேலே படித்தபோது கண்ணீர் வந்தது.

எபிரெயர் 13:17 உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்வது உண்மைதான். அந்த வசனமே அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. பேதுரு மூப்பர்களுக்கு எழுதும்போது இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரிகளாக இருக்கச் சொல்கிறார். அதே பேதுருதான் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்றார். அவர் எதிர்த்து நின்றது புறஜாதியாரை அல்ல, தன் சொந்த ஜனத்தின் மதத் தலைவர்களை என்பதை மறக்கக்கூடாது. நல்ல மேய்ப்பர் ஒருவருடைய ஆலோசனை இன்றைக்கும் எனக்குத் தேவை, வாரந்தோறும் பெறுகிறேன். அவர் ஆலோசனை சொன்னபின், இதைக் குறித்து ஜெபித்து நீயே முடிவெடு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். முதல் முறை அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முடிவெடுப்பதைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு வசதியானது என்பது வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது.

மாலை மணி ஐயா, அந்தத் துறவற ஒழுங்குமுறையில்கூட, இயலாத காரியம் கட்டளையிடப்பட்டால் துறவி தன் இயலாமையின் காரணத்தைத் தலைவரிடம் பணிவோடும் பொறுமையோடும் எடுத்துச் சொல்லலாம் என்று ஓர் அதிகாரம் இருப்பதாகப் படித்திருக்கிறேன்.

மறுமொழி: மாலை மணி

ஆம் சகோதரி, 68-ஆம் அதிகாரம். எடுத்துச் சொன்னபின்னும் தலைவர் தம் கட்டளையில் நின்றால், இறைவனின் துணையை நம்பி அன்பினால் கீழ்ப்படியச் சொல்லித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆனால் அது தானாக முன்வந்து வாக்குறுதி கொடுத்த துறவிகளுக்கானது. குடும்பத்தில் வாழும் ஒருவரிடம் ஒரு சபைத் தலைவர் அதைக் கேட்க முடியாது. 71-ஆம் அதிகாரமோ சகோதரர்கள் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது.

மறுமொழி: உப்பு

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். அதில் 'நெருங்கிய உறவினர் ஒருவரோடு உள்ள பழைய கசப்பை விட்டுவிட்டால்' என்று ஒரு வரி இருக்கிறது.

ஏன் விட்டுவிட வேண்டும்?

அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கக் கட்டளை பெற்ற சவுல் யுத்தம் முடித்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று மகிழ்ச்சியோடுதான் சாமுவேலை எதிர்கொண்டான். அவன் பொய் சொல்வதாக அவனுக்கே தோன்றியிருக்காது; பெரும்பகுதியைச் செய்துதானே இருந்தான். அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்டார். தப்பவைத்தவற்றைப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று அவன் சொன்ன பதிலுக்குத்தான், மேலே முதலாவது மறுமொழியில் வந்த வசனம் மறுமொழியாகச் சொல்லப்பட்டது. கடுமையாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் வீட்டிலும் அப்படி ஆடுகள் கத்திக்கொண்டிருந்த காலம் உண்டு.

கேட்டவர்: நடுவழியில்

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை. உப்பு ஐயாவின் மறுமொழிதான் காரணம்.

அந்த உறவினர் என் உடன்பிறந்த தம்பி. எங்கள் தகப்பனார் காலமானபின் சொத்தைப் பிரிப்பதில் எழுந்த பேச்சு, பேசக்கூடாத வார்த்தைகளில் முடிந்தது. அவன் சொன்னவை கொடியவை. நான் சொன்னவையும் அப்படித்தான். இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மனதில் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்வதில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். ஞாயிறு பள்ளி வகுப்பை எடுக்க நான் முன்வந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

மாலை மணி ஐயா சொன்ன மூன்று காரணங்களில், பரீட்சை என்ற இரண்டாவதையே எனக்குரியதாக எடுத்துக்கொள்ள மனம் விரைந்தது. அது மதிப்பானது. முதலாவதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. கிருபையின் கடனாளி ஐயா எழுதியதைப் படித்திராவிட்டால் இதை இங்கே எழுதத் துணிந்திருக்கமாட்டேன். மூப்பரிடம் என்ன சொல்வது என்பதைத் தங்கை மீண்டவள் எழுதியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் கேட்கிறேன். நான் போய்ப் பேசினாலும் அவன் கதவைத் திறப்பான் என்ற நிச்சயம் இல்லை. அவன் ஏற்காவிட்டால், நான் கீழ்ப்படிந்ததாக ஆகுமா?

மறுமொழி: உப்பு

சகோதரரே, 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்' என்று ரோமர் 12:18 சொல்கிறது. கூடுமானால் என்றும், உங்களாலானமட்டும் என்றும் இரண்டு வரம்புகளைப் பவுலே வைத்திருக்கிறார். கதவைத் திறப்பது அவர் பங்கு; அந்தக் கதவு வரை போவது உங்கள் பங்கு. மத்தேயு 5:23, 24-இலும், பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற கட்டளை, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூருகிறவனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. யார்பேரில் நியாயம் என்ற விசாரணை அங்கே இல்லை.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நேரில் போவதற்கு முன் நான் ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது நான்கு பக்கம் வந்தது. அதில் மூன்றரைப் பக்கம் நடந்தது என்ன என்ற விளக்கம். அதைக் கிழித்துவிட்டு, நான் சொன்ன வார்த்தைகளை மட்டும் குறிப்பிட்டு, அவற்றுக்காக மன்னிப்புக் கேட்டு ஐந்து வரி எழுதினேன். பதில் வர எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில் ஜெபம் எனக்கு எளிதாகிவிடவில்லை. ஆனால் ஜெபிக்கும்போது எதையோ சுற்றிப் போகிற உணர்வு மட்டும் நின்றுவிட்டது.

கேட்டவர்: நடுவழியில்

ஐந்து வரி என்பதைக் குறித்துக்கொண்டேன். என்னுடையது இப்போது ஒன்பது வரியில் இருக்கிறது. இன்றிரவு மறுபடி பார்க்கிறேன். வரும் ஞாயிறு வகுப்பை வேறொருவர் எடுக்கும்படி கேட்டிருக்கிறேன். தம்பியின் ஊருக்குப் போய் வர ஒரு நாள் முழுவதும் ஆகும்.